கையால் கற்கும் கலை: இணையத்தளப் பயிற்சி முகாம்

இணையத்தளம் அமைக்கும் கலையைச் சொற்பொழிவால் மட்டும் கற்பித்தல் இயலாது. கற்பவர் தம் கையாலேயே செய்து பார்த்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெர்லின் நகரில் ஐரோப்பியப் பைத்தான் மாநாடு கூடியபொழுது, ஓலா சிதார்ஸ்கா, ஓலா செண்டெட்ஸ்கா என்னும் போலந்து நாட்டுப் பெண்மணிகள் இருவர், நிரல் எழுதி அறியாத பெண்களுக்கென ‘ஜாங்கோ கேர்ல்ஸ்’ என்ற முகாமை நடத்தினர். பின்னர்ப் பல நாடுகளிலும் பரவிய அம்முறை நம் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறியத்தக்கது.

இத்தகைய வகுப்புகளில் காலத்தை விழுங்குவது பெரும்பாலும் பாடம் அன்று, ஆயத்தக் குறைவேயாம். ஒருவருடைய கணிப்பொறியில் விண்டோஸ் இருக்கும். மற்றொருவருடையதில் லினக்ஸ் இருக்கும். எல்லோரும் ஒரே வேளையில் மென்பொருளைப் பதிவிறக்கினால் மண்டபத்தின் இணைய இணைப்பு தளர்ந்துவிடும். ஆதலின் நிறுவும் வேலையை முந்திய மாலையிலேயே முடித்துவிடுதல் நன்று.

ஜாங்கோ முகாமில் ஏறக்குறைய மூவருக்கு ஒரு பயிற்றுநர் அமர்வார். பாடம் எழுத்து வடிவில் இருப்பதால் அவரவர் தம் வேகத்திற்கேற்ப முன்னேறலாம். பயிற்றுநர் கற்பவரின் விசைப்பலகையைத் தொடலாகாது. பிழைச் செய்தி தோன்றினால், அதன் கடைசி வரியை முதலில் படிக்கச் செய்யவேண்டும். பைத்தான் மொழியில் பிழையின் தன்மை அங்கேதான் குறிக்கப்படுகிறது. விடுபட்ட முக்காற்புள்ளியைத் தாமே கண்டவர் அதனை எளிதில் மறவார். ஆசிரியர் திருத்திக் கொடுத்தாலோ, மறுநாள் அதே இடத்தில் மீண்டும் இடறுவார்.

மாலைக்குள் அவரவர் அமைத்த சிறு தளம் இணையத்தில் ஏற்றப்படவேண்டும். தொலைவில் உள்ள உறவினர் தம் கைபேசியில் அதனைத் திறந்து காணும்பொழுதே பயிற்சி நிறைவுறுகிறது. அதன்பொருட்டுப் பாடத்தில் ஒரு பகுதியை விட்டுவிட நேர்ந்தாலும் அது குறையாகாது.