நெல்லைப் பேச்சு தெரிந்த ஆடியாலஜிஸ்ட் வேண்டும்

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கிய அந்தப் பள்ளி, நாட்டின் மிகப் பழைய காது கேளாதோர் பள்ளிகளில் ஒன்று. இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. ஆனால் இந்த ஊரில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசினால் நர்சிங், பிசியோதெரபி, பி.பார்ம் என்றுதான் அடுக்குகிறார்கள். பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பெயர் பலர் காதில் விழுந்ததே இல்லை.

செவித்திறனையும் பேச்சையும் சேர்த்துப் படிக்கும் பட்டப்படிப்பு இது. மூன்று ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சிப் பணி, ஆக நான்கு ஆண்டுகள். முடித்தவர் ஆடியாலஜிஸ்டாகவும் பேச்சுப் பயிற்சியாளராகவும் வேலை பார்க்கலாம். முதுகலையில்தான் இரண்டும் தனித்தனியாகப் பிரியும். படித்து முடித்ததும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாதவர் காதைச் சோதித்து, காது கேட்கும் மெஷின் விற்றால் வாங்காதீர்கள்.

என்ன படிக்கிறார்கள்? காதின் உடற்கூறு, ஒலியின் இயற்பியல், மின்னணுவியல், உளவியல், இவற்றோடு மொழியியலும் உண்டு. எந்த ஒலி எங்கே பிறக்கிறது, நாக்கு எந்த இடத்தைத் தொடுகிறது என்று முதலாண்டிலேயே கற்க வேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியலை ஆசையாகப் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் பாடம் அந்நியமாக இருக்காது.

சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். வெளிச்சத்தம் புகாத சிறிய அறை. உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஹெட்போன் மாட்டியிருப்பார், கையில் ஒரு பொத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆடியாலஜிஸ்ட் ஒலியை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வருவார். 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, எவ்வளவு மெல்லிய ஒலி வரைக்கும் கேட்கிறது என்று வரைபடத்தில் குறிப்பார். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. பிறகு காதின் பின்புற எலும்பில் ஒரு சிறு அதிர்வுக் கருவியை வைத்து மறுபடியும் சோதிப்பார். எலும்பு வழியே நன்றாகக் கேட்டு, காற்று வழியே கேட்காவிட்டால் கோளாறு செவிப்பறை, நடுச்செவிப் பக்கம். இரண்டிலும் ஒரேபோலக் குறைந்தால் உள்செவியிலோ நரம்பிலோ.

ஆனால் கருவிக்கு முன்னால் வருவது காது கொடுத்துக் கேட்பதுதான். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து, "சத்தம் கேக்கு, என்ன சொல்லுதான்னுதான் புரிய மாட்டேங்கு" என்பார். விஷயம் தெரிந்தவருக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதித் துப்பு கிடைத்துவிடும். தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்கின்றன, 'ஸ', 'ஷ' போன்ற உயர்ந்த சுருதி ஒலிகள் நழுவுகின்றன. முதுமையில் இப்படி ஆகும். தறிச் சத்தத்தில் ஆண்டுக்கணக்காக நின்றவர்களுக்கும் ஆகும். அவர்களுக்கு முதல் பள்ளம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே விழும். விக்கிரமசிங்கபுரம் போன்ற ஆலை ஊர்களில் எத்தனையோ பேர் இதை வயசுக் கோளாறு என்றே நினைத்துக் காலம் கழித்துவிட்டார்கள்.

குழந்தைகள் விஷயம்தான் மனதை அதிகம் வாட்டுவது. பிறவிக் காது கேளாமைக்குப் பரம்பரையும் ஒரு முக்கியக் காரணம். "சொந்தத்துல கட்டியிருக்கீங்களா?" என்று ஆடியாலஜிஸ்ட் கேட்பது குற்றம் சாட்ட அல்ல. பல குடும்பங்களில் அப்பா, அம்மா இருவரிடமும் அதே மரபணுக் குறை வெளியே தெரியாமல் இருந்திருக்கும். சொந்தத்தில் மணம் முடிக்கும்போது அது சேர்வதற்கு வாய்ப்பு கூடுகிறது. பழியை மட்டும் மருமகள் தலையில் போடுகிறார்கள். இது அநியாயம்.

பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கணக்கு. தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு முனையை வைத்தால், உள்செவி திருப்பி எழுப்பும் ஒலியை அளக்கும் ஓஏஇ சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். தேவைப்பட்டால் நரம்பைச் சோதிக்கும் பெரா. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் உள்செவியில் வைக்கும் காக்ளியர் கருவியை இலவசமாகப் பொருத்துகிறார்கள். அறுவை சிகிச்சை சில மணி நேரம்தான். பேச வைக்கும் பயிற்சிக்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். அதில் குழந்தைக்குக் கற்றுத்தர வேண்டியது வீட்டில் புழங்கும் பேச்சை. "ஏலே", "ஏட்டி", "ஆச்சி" என்று கூப்பிடும் வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகத் தமிழில் மட்டும் சொல்லிக்கொடுத்தால் வீட்டுக்குப் போனதும் அது திகைக்கும். உள்ளூர்ப் பேச்சு தெரிந்தவர் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்த பிள்ளைகள் சேரலாம். தகுதி விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறும். சென்னை மருத்துவக் கல்லூரி, போரூர் ராமச்சந்திரா, காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்., மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் ஆகியவற்றில் இந்தப் படிப்பு உண்டு. நெல்லைக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பக்கம் திருவனந்தபுரத்தின் தேசியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் (நிஷ்); அங்கும் இந்தப் படிப்பு உண்டு.

உங்கள் வீட்டில் உயிரியல் படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த ஆண்டு விண்ணப்பிக்கும்போது பி.ஏ.எஸ்.எல்.பி.யையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எங்கே படித்தாலும் முடித்தபின் தாமிரபரணிக் கரைக்கே வந்து வேலை பார்க்கச் சொல்லுங்கள்.