எல்லோரும் ஏறும் பாறை

பாறையேறக் கிளம்பும் நண்பர் கூட்டத்தில் ஒருவர் தயங்கினால் திருநெல்வேலிப் பக்கம் உடனே ஒரு பதில் வரும்: "எத்தன பேரு ஏறுதாங்க, சும்மா வாலே!" அன்போடு சொல்லப்படும் இந்தப் பதிலுக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. பலர் ஏறிய வழி பத்திரமானது என்பது ஒன்று. நண்பர்கள் உடனிருந்தால் ஆபத்து குறையும் என்பது மற்றொன்று. பாறையேற்றத்தின் வரலாறும் மலை விபத்துகள் பற்றிய ஆய்வும் இரண்டையுமே மறுக்கின்றன. பழகிய வழியும் நெருங்கிய நட்பும் நம் கவனத்தைத்தான் முதலில் தளர்த்துகின்றன. அந்தக் கவனத்தைப் பழக்கமாக மாற்றிக்கொள்ளாதவர்களுக்குப் பிரபலமான பாறையும் புதிய பாறையும் ஒன்றே.

கூடங்குளத்திலிருந்து வடமேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி தெரியும். அதில் மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. ஆனால் அந்த மலைத்தொடரின் பெரும்பகுதி காப்புக்காடு. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறை 1988இல் அங்கேதான் அமைந்தது. நினைத்தபோது போய் ஏறிவிட முடியாது. அதனால் இளைஞர்கள் நாடுவது, பக்தர்கள் கூட்டம் கூட்டமாக ஏறும் மருந்துவாழ்மலை போன்ற குன்றுகளை. கயிறு கட்டி ஏறும் ஆசை வந்தவர்கள் கர்நாடகத்தின் ராமநகரம், பாதாமி என்று போகிறார்கள். அங்கே பல வழிகளில் பாறையைத் துளைத்து இரும்பு ஆணிகள் பதித்திருக்கும். ஏறுபவர் இடுப்பில் ஹார்னஸ் அணிந்து, அதில் கயிற்றை எட்டு வடிவ முடிச்சால் கட்டி, ஒவ்வொரு ஆணியிலும் கொக்கி மாட்டி அதன் வழியே கயிற்றை நுழைத்துக்கொண்டு மேலே போவார். கீழே நிற்கும் நண்பர் கயிற்றின் மறுபுறத்தைப் பிடித்திருப்பார். ஏறுபவர் வழுக்கினால் அவரைத் தாங்குவது முடிச்சு, கொக்கி, ஆணி, கயிறு பிடித்த கை ஆகிய நான்கும் சேர்ந்துதான். முடிச்சோ பிடித்த கையோ தவறினால் மற்றவை வீண்.

தவறு நேர்வது கடினமான பாறையில்தான் என்று தோன்றும். லின் ஹில்லுக்கு நேர்ந்தது வேறு. உலகின் முதல்வரிசைப் பாறையேறிகளில் ஒருவரான அந்த அமெரிக்கப் பெண், 1989இல் பிரான்சின் பியூக்ஸ் (Buoux) என்ற இடத்தில், தன் திறமைக்கு மிக எளிதான ஒரு வழியில் ஏறினார். கயிற்றை ஹார்னஸில் நுழைத்தவர், இடையில் கவனம் சிதறி முடிச்சை முடிக்காமல் விட்டுவிட்டார். உச்சியை அடைந்து, இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்ததும் கயிறு உருவிக்கொண்டது. 20 மீட்டருக்கு மேல் விழுந்தவரை வழியிலிருந்த ஒரு மரம் காப்பாற்றியது. 2013இல் அதே நாட்டின் ஓர்பியர் பாறையில் டிட்டோ டிராவெர்சா என்ற 12 வயது இத்தாலியச் சிறுவனுக்கு அப்படி ஒரு மரம் வாய்க்கவில்லை. அந்த வயதிலேயே மிகக் கடினமான வழிகளை ஏறிக் காட்டியவன், அன்று உடலைத் தயார்ப்படுத்திக்கொள்ள எளிய வழி ஒன்றில் ஏறினான். அவன் பயன்படுத்திய கொக்கிகள் தவறாகக் கோக்கப்பட்டிருந்தன. எடையைத் தாங்க வேண்டிய பட்டையில் மாட்டாமல், கொக்கி நகராமல் பிடித்து வைக்கும் சிறிய ரப்பர் வளையத்தில் மட்டும் மாட்டியிருந்தன. இரண்டு விபத்துகளிலும் பாறை எளிது, ஏறியவர் திறமைசாலி. பார்த்திருந்தால் சில நொடிகளில் கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழை பார்க்கப்படாமல் போனது.

வழியும் நேற்றிருந்தபடியே இன்று இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான கால்கள் பட்ட பாறை வழவழப்பாகி, முன்பு கிடைத்த பிடி கிடைக்காமல் போகும். தாய்லாந்தின் கிராபிக் கடற்கரைப் பாறைகள் உலகெங்கிலுமிருந்து ஏறுவோரை இழுப்பவை. அங்கே துருப்பிடிக்காது என்று நம்பிப் பதித்த எஃகு ஆணிகள் வெளியே பளபளப்பாக இருந்தபடியே உள்ளுக்குள் வெடிப்பு விட்டு முறிந்தன. பிறகு டைட்டானிய ஆணிகளைப் பதிக்க வேண்டியதாயிற்று. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பது கூடங்குளம், இடிந்தகரை மக்களுக்குப் புதிதல்ல. மலைப்பாதைக்கும் இதே கதைதான். தேனி மாவட்டத்தின் குரங்கணி, கொழுக்குமலைப் பாதையில் பல ஆண்டுகளாகப் பலர் நடந்திருந்தார்கள். 2018 மார்ச் 11 அன்று அந்த மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீ 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. பாதை பழையதுதான், கோடையில் காய்ந்த புல்லும் அன்றைய காற்றும்தான் வேறு. முன்பு போனவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள் என்பது அவர்கள் போன நாளைப் பற்றிய தகவல் மட்டுமே.

நட்பின் பங்கை அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கேமன் தெளிவாக்கியிருக்கிறார். 1972 முதல் 2003 வரை அந்நாட்டில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை அவர் ஆராய்ந்தார். நன்கு பழகிய இடத்தில் உயர்பயிற்சி பெற்ற குழுக்களும், பயிற்சி இல்லாதவர்கள் ஏற்கும் அளவுக்கே ஆபத்தை ஏற்றிருந்தன. பிறர் முன்னிலையில் குறைந்துபடக் கூடாதென்ற எண்ணம், எடுத்த முடிவை மாற்றத் தயக்கம், அனுபவசாலி ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்ளும் மனம் ஆகியவையும் மனிதரை வழுக்கி விடுகின்றன என்கிறது அவர் ஆய்வு. பனிக்கும் பாறைக்கும் வேறுபாடு உண்டு, மனித மனத்துக்கு இல்லை. நம் நண்பர் வட்டத்திலும், "அண்ணன் இருக்காருல்லா" என்று ஒருவரை நம்பி மற்றவர்கள் எதையும் பார்க்காமல் இருந்துவிடுகிறோம். அந்த அண்ணனோ தன்னை நம்பி வந்தவர்கள் முன் திரும்பிப் போகலாம் என்று சொல்லக் கூச்சப்படுகிறார்.

இதற்கு விடை நம் மண்ணிலேயே இருக்கிறது. ராதாபுரம் வட்டாரத்தின் பனையேறி, தளைநாரைக் காலில் மாட்டி ஏறும்போது ஒவ்வொரு மரத்தையும் தனி மரமாகத்தான் ஏறுகிறார். நேற்று ஏறிய மரம் என்பது இன்று கைப்பிடியைத் தளர்த்தக் காரணமாகாது. அப்படியிருந்தும் பனையிலிருந்து விழுந்து உயிரிழப்போர் உண்டு. வாழ்நாள் பழக்கமே முழுக்காப்பு ஆகாதபோது, விடுமுறை நாளின் உற்சாகம் எப்படிக் காப்பாகும்? முப்பந்தலிலிருந்து கூடங்குளம் வரை நிற்கும் காற்றாலைகளில் ஏறிப் பழுதுபார்ப்பது அதே மண்ணின் இன்னொரு தொழில். கொக்கி மாட்டாமல் ஏணியில் கால் வைக்கக் கூடாதென்பது அதன் அடிப்படை விதி. நூறு முறை ஏறியவருக்கும் அதில் விலக்கு கிடையாது.

ஆயிரம் பேர் போய் ஆயிரம் பேரும் திரும்பும்போது இவ்வளவு அச்சம் எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் திரும்பியதில் நிதானத்துக்கு எவ்வளவு பங்கு, நல்வாய்ப்புக்கு எவ்வளவு பங்கு என்று அந்த எண்ணிக்கை சொல்லாது. முடிச்சைப் பாதியில் விட்டவரும், வழுக்காத வரை, பத்திரமாக ஏறியவர் கணக்கில்தான் வருவார். அப்படியானால் தடைசெய்துவிடலாமே என்பது எதிர்முனையிலிருந்து வரும் வாதம். தடையால் ஆசை ஒழியாது. கேட்பாரற்ற வழிகளுக்குத் திரும்பும். குரங்கணிக்குப் பின் 2018இல் மலையேற்ற விதிகளை வகுத்த தமிழக அரசு, 2024இல் 40 பாதைகளைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் திறந்தது. அதுவே சரியான திசை. சோதனையும் விதியும் கூட்டாளிகளின் குதூகலத்தைக் கெடுக்கும் என்பது மூன்றாவது மறுப்பு. சோதனைக்குத் தேவை ஒரு நிமிடம். அன்று முழுவதும் சிரிக்க நேரம் இருக்கிறது.

எனவே நண்பர் குழு கிளம்புமுன் இரண்டு ஒப்பந்தங்கள் செய்துகொள்ள வேண்டும். கயிறு கட்டிய ஒவ்வொருவரின் முடிச்சையும் ஹார்னஸையும் கொக்கியையும் இன்னொருவர் கையால் தொட்டுப் பார்த்த பிறகே கால் தரையை விட்டு எழும். குழுவிலேயே மூத்தவருக்கும் இது பொருந்தும். யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, "திரும்பலாம்" என்று சொல்லலாம். அதற்காக ஒருவரையும் கேலி செய்வதில்லை. இந்த இரண்டுக்கும் காசு செலவில்லை, கருவியும் தேவையில்லை. நெல்லை, நாகர்கோவில் கல்லூரிகளின் மாணவர் குழுக்கள் இவற்றை எழுதி வைத்துக் கடைப்பிடிக்கத் தொடங்கினால், "எத்தன பேரு ஏறுதாங்க" என்ற சமாதானத்துக்கு வேலை இருக்காது. "ஒன் முடிச்ச காட்டுலே" என்று கேட்பதுதான் இங்கே வழக்கமாக வேண்டும்.