புறமருந்துப் பெயர்கள்

சித்த வைத்தியம் புறமருந்துகளை 32 என வகுக்கும். அவற்றுட் பல, பொருளாலன்றித் தொழிலாற் பெயர்பெற்றவை. பூசப்படுவது பூச்சு, ஒற்றியெடுப்பது ஒற்றடம், அரைத்து அப்பியது தோலைப் பற்றி உலர்வதாற் பற்று. பேச்சுவழக்கில் இதனையே 'பத்து' என்கிறோம்.

தைலமோ பொருளாற் பெயர்பெற்றது. வடமொழியில் திலம் என்பது எள். அதன் நெய் தைலம். நமது எண்ணெயும் எள்நெய்யே. இரு மொழியிலும் எள்ளின் பெயர் ஏனைய வித்துக்களின் நெய்க்கும் பொதுவாயிற்று. இன்று வேப்பெண்ணெய் என்கையில் எள்ளை நினைப்பார் யார்?

அந்த 32இல் களிம்பும் ஒன்று. செம்பிலேறும் பச்சைக்கும் அதுவே பெயர். சைவ சித்தாந்திகள் ஆணவமலத்துக்கு உவமை கூறுவது இக்களிம்பையே. பூசுமருந்து யாவற்றையும் களிம்பு என்ற ஒரு சொல்லுள் அடக்கும் இன்றைய போக்கு நமக்கு உடன்பாடன்று. தேய்த்து ஊறவிட வேண்டியது எது, தேய்க்காது உலரவிட வேண்டியது எது என நோயாளிக்கு உணர்த்தும் வேறுபாடு அதனால் மறைகிறது.