பூட்டும் திறவுகோலும்

நெடுந்தீவுக்குச் சென்றோர் அங்குள்ள பழைய புறாக்கூட்டைக் கண்டிருப்பர். பவளக் கல்லால் எழுப்பிய அச்சிறு கோபுரத்தில் ஒல்லாந்தர் புறாக்களை வளர்த்துச் செய்தி அனுப்பினர் என்பது ஊரார் கூற்று. பின்னர்க் கடிதங்கள் படகேறி வந்தன. உறையை எவரேனும் பிரித்திருந்தால் கிழிசல் காட்டிக் கொடுத்துவிடும். இன்றோ தீவிலிருக்கும் தாய், கனடாவிலுள்ள மகனுடன் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறாள். இந்த உறையைப் பிரித்தால் கிழிசல் தெரியாது. ‘உங்கள் பேச்சு பாதுகாப்பானது’ என்று சேவை நிறுவனம் எழுதி வைத்திருக்கும் ஒரு வரியே அவளுக்குள்ள உறுதி.

அந்த வரியை எவ்வளவு நம்பலாம்? 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ‘சூம்’ என்னும் செயலி பல நாடுகளில் வகுப்பறையாயிற்று. தன்னிடம் ‘முனைக்கு முனை மறையாக்கம்’ உண்டென்று அந்நிறுவனம் கூறிவந்தது. பேசுவோரின் கருவிகளில் மட்டுமே திறவுகோல் இருக்கும், இடையிற் சுமந்து செல்லும் நிறுவனத்திடமும் இராது என்பதே அச்சொல்லின் பொருள். ஆனால் திறவுகோல்களை நிறுவனமே வைத்திருந்தது. பெட்டிக்குப் பூட்டு இருந்தது மெய்தான். சாவியோ ஓடக்காரன் மடியில்! பயனாளரைத் தவறாக நம்பச் செய்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு அவ்வாண்டு நவம்பரில் குற்றஞ்சாட்டியது; நிறுவனம் உடன்பாட்டுக்கு இணங்கியது. சொன்னபடியான மறையாக்கம் அதற்குச் சற்று முன்னர், அக்டோபரில்தான் வந்திருந்தது.

வாக்குறுதி உண்மையாயினும் அதன் எல்லையை அறிதல் வேண்டும். ‘வாட்ஸ்அப்’ 2016 முதல் இவ்வகை மறையாக்கத்தை எல்லோருக்கும் அளித்து வருகிறது. பேச்சின் உள்ளடக்கம் பூட்டப்படுகிறது. ஆயினும் யார் யாரோடு, எப்போது தொடர்புகொண்டார் என்னும் விவரத்தை அப்பூட்டு மறைப்பதில்லை. உறைக்குள் இருப்பது தெரியாவிட்டாலும் மேலுள்ள முகவரி அஞ்சற்காரருக்குத் தெரியுமன்றோ? மேலும், உரையாடல்களின் பிரதியை இணையச் சேமிப்பகத்தில் வைப்போர், அப்பிரதியையும் பூட்டும் வசதியைத் தாமே தெரிவுசெய்ய வேண்டும். அவ்வசதி 2021இல்தான் வந்தது.

சோதித்தறிய ஒரு வழியும் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒருவரது விவரப் பக்கத்தில் மறையாக்கம் என்ற பகுதியைத் திறந்தால் 60 இலக்க எண் ஒன்று தோன்றும். இருவர் கருவியிலும் அது ஒன்றாயிருந்தால் இடையில் வேறொருவர் சாவி மாற்றவில்லை என்று கொள்ளலாம். செயலியே பொய்யுரைத்தால் இச்சோதனை உதவாது. அதனாலேயே, நிரலைப் பிறர் ஆராயத் திறந்து வைத்துள்ள ‘சிக்னல்’ போன்றவற்றை வல்லுநர் கூடுதலாக மதிக்கின்றனர். எண்ணை அதே செயலியில் அனுப்பி ஒப்பிடுதல் பயன் தராது. மகன் விடுமுறையில் வந்து குறிகட்டுவானிற் படகேறித் தீவை அடையும் நாளில், இரு கருவிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நன்று.