தறிச் சத்தத்தில் கேட்ட குரல்

எங்கள் பொதட்டூர்பேட்டையில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்குள் தன்னைத் திட்டும் குரல் கேட்கிறது என்று என் கொழுந்தனார் சொன்னபோது அவருக்கு வயது 22. "அண்ணி, பக்கத்து வீட்டுக்காரங்க என்னைப் பத்தியேதான் பேசறாங்க" என்பார். ராத்தூக்கம் போயிற்று. குளிப்பது நின்றது. சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினார்.

காத்து கருப்பு என்றார்கள். மந்திரித்தோம், தாயத்து கட்டினோம், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டோம். ஒரு வருஷம் ஓடிப் போயிற்று. "எங்கேயாவது கொண்டுபோய்க் கட்டிப் போடுங்க" என்றார் ஓர் உறவுக்காரர். எனக்கு ஏர்வாடி ஞாபகம் வந்தது. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி அங்கே தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல், 28 பேர் இறந்துபோனார்கள். "கட்ட விடவே மாட்டேன்" என்றேன். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமும் சங்கிலி கூடாது என்றே சொல்கிறது.

ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். "இது ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய். மூளையின் ரசாயனங்கள் தடுமாறுவதும் ஒரு காரணம். வளர்ப்பில் குற்றமில்லை" என்றார் டாக்டர். அதுவரை தன்னையே நொந்துகொண்டிருந்த என் மாமியார் அங்கேயே அழுதுவிட்டார்.

மாத்திரையில் சில வாரங்களிலேயே தெளிவு வந்தது. எட்டாம் மாசம், "நல்லாத்தானே இருக்கார், போதும்" என்று நிறுத்தச் சொன்னவள் நான்தான். இரண்டே மாசத்தில் குரல்கள் திரும்பின. சகோதரிகளே, இந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. கர்ப்பமான பெண்ணுக்கும் இதே விதிதான்.

அவருக்குக் கேட்பது அவருக்கு நிஜம். "பொய்" என்று சண்டை போடாதீர்கள். "எனக்குக் கேட்கலை, ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது" என்று சொல்லுங்கள். குத்திக் காட்டும் பேச்சும் ஓயாத கண்டிப்பும் நோயைக் கிளறிவிடும். நேரத்துக்குத் தூக்கம், கைக்குச் சின்ன வேலை, இரண்டும் வேண்டும். "கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" என்று மறைத்து இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கண்ணீரில் தள்ளாதீர்கள். சாகப்போவதாகச் சொன்னால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் ஓய்வு வேண்டும். வீட்டார் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நோயாளிகளுக்காகவே டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். நம் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர். போக முடியாதவர்கள் 14416 என்ற 'டெலி மனாஸ்' எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

இப்போது என் கொழுந்தனார் தினமும் தார் சுற்றுகிறார். குரல் எப்போதாவது வருமாம். "அது பாட்டுக்குப் பேசட்டும் அண்ணி, எனக்கு வேலை இருக்கு" என்கிறார்.