மூணாறு கோல்ப் மைதானத்தில் புல் வளர்க்கும் கைகள்

மார்கழி மாதத்து விடியற்காலை. மூணாறு பள்ளத்தாக்கில் வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிந்திருக்கிறது. கோல்ப் மைதானத்தின் புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியது போல வெண்மை. கம்பளியைத் தலையில் சுற்றிய தொழிலாளர்கள் சிலர் ஓரத்தில் நிற்கிறார்கள். புல்வெட்டும் இயந்திரம் தயாராக இருக்கிறது. ஆனால் ஒருவரும் உள்ளே கால் வைப்பதில்லை. சூரியன் மலைக்கு மேலே வந்து பனி கரையும் வரை காத்திருக்கிறார்கள்.

வழியோடு போகிறவர்களுக்கு அவர்கள் சும்மா நிற்பது போலத் தோன்றும். உண்மையில் அந்தக் காத்திருப்பும் வேலையைச் சேர்ந்ததுதான். உறைபனி விழுந்த புல்லின் இலைக்குள் இருக்கும் நீரும் கட்டியாகி விடுகிறது. அதை மிதித்தால் இலையின் நுண்ணறைகள் நொறுங்கிப் போகும். வெயில் ஏறிய பிறகு ஒவ்வொரு காலடியும் கருகிய தடமாகத் தெரியும். குளிர்காலத்தில் புல் மெதுவாகவே வளர்வதால் அந்தத் தடம் மறைய வாரக்கணக்கில் ஆகும். இதை அறிந்தவர்தான் புல்லைப் பேண முடியும்.

டீ நாட்டில் இன்னொரு 'டீ'

1877-ஆம் ஆண்டில் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து மன்றோ துரை கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதன் பிறகு இங்கே தேயிலை வந்தது. தேயிலையோடு வெள்ளைக்காரத் துரைமார்கள் வந்தார்கள். அவர்களோடு கிளப்பும் கோல்ப் ஆட்டமும் வந்தன. காட்டைத் திருத்தவும் தேயிலை நடவும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து நம் மக்கள் மலையேறி வந்தார்கள். இன்றும் மூணாறில் ஹைரேஞ்ச் கிளப்பின் ஒன்பது குழி மைதானம் இருக்கிறது. குண்டளையிலும் ஒரு கோல்ப் மைதானம் உண்டு.

கோல்ப் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு பந்தைத் தடியால் அடித்து, தொலைவில் உள்ள நாலேகால் அங்குலக் குழியில் சேர்க்க வேண்டும். எவ்வளவு குறைந்த அடிகளில் சேர்க்கிறாரோ அவ்வளவு கெட்டிக்காரர். ஆட்டம் தொடங்கும் மேட்டுக்கு 'டீ' என்று பெயர். தேயிலை நாட்டில் இப்படியும் ஒரு டீ! நடுவில் உள்ள நீண்ட புல்வெளி 'பேர்வே'. குழியைச் சுற்றியுள்ள மென்மையான திட்டு 'கிரீன்'.

இந்தக் கிரீன்தான் உயிர்நாடி. உயர்தர மைதானங்களில் இங்கே புல்லின் உயரம் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். அதாவது ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை! பந்து பாய்விரித்த தரையில் ஓடுவது போல ஓட வேண்டும். ஒரே இடத்தில் குழி இருந்தால் அதைச் சுற்றி மிதிபட்டுப் புல் தேய்ந்துவிடும். ஆகவே அடிக்கடி பழைய குழியை மூடிவிட்டு, வேறிடத்தில் புதுக் குழி வெட்டுவார்கள்.

இவ்வளவு ஒட்ட வெட்டியும் புல் எப்படிப் பிழைக்கிறது? புல்லின் குருத்து மண்ணையொட்டி இருக்கிறது. மேலே வெட்டினாலும் கீழிருந்து தழைக்கும். ஆனாலும் இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டக்கூடாது என்பது இத்தொழிலின் முதல் பாடம். மீறினால் வேர் சுருங்கி விடும். கவாத்து வெட்டிப் பழகிய தோட்டத்துக் கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே வெட்டினால் துளிர்க்கும், எங்கே வெட்டினால் பட்டுப்போகும் என்பது அவர்களுக்குக் கைவந்த பாடம்.

மழையும் பனியும்

மலையில் புல்லுக்கென்று தனிப் பஞ்சாங்கமே உண்டு. சித்திரை, வைகாசியில் கோடை மழை பெய்ததும் வேலை தொடங்குகிறது. மிதிபட்டு இறுகிய மண்ணில் முள்கரண்டி போன்ற கம்பிகளால் துளையிடுவார்கள். அந்தத் துளைகள் வழியே காற்றும் நீரும் வேருக்குப் போகும். பிறகு சலித்த மணலை மெல்லியதாகத் தூவித் துடைப்பத்தால் தள்ளுவார்கள். மேடுபள்ளம் நிரவிப் போகும். வடிகால்களைத் தோண்டிச் சுத்தம் செய்வதும் இப்போதுதான்.

ஆனியில் தென்மேற்குப் பருவமழை வலுக்கிறது. நாட்கணக்கில் சூரியனைக் காண முடியாது. தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டிச் சாகும், பாசி படரும், பூஞ்சைநோய் வட்டவட்டமாகப் புல்லைப் பழுப்பாக்கும். ஊறிய மண்ணில் கனமான இயந்திரத்தை ஓட்டினால் சக்கரத்தடம் பதிந்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் புல்லைச் சற்று உயரமாகவே விட்டுவைப்பார்கள். கையில் மண்வெட்டியோடு வடிகாலைக் காப்பதே பெரிய வேலை.

மழை என்றால் மூணாறுக்காரர்களுக்குப் புல் மட்டுமா நினைவுக்கு வரும்? குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதையை அடித்துச் சென்ற 1924-ஆம் ஆண்டு வெள்ளம் நினைவுக்கு வரும். 2018-ஆம் ஆண்டு வெள்ளம் நினைவுக்கு வரும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்களைக் கொண்டுபோனது நினைவுக்கு வரும். அந்த லயங்களில் வாழ்ந்தவர்கள் நம் தமிழ்த் தோட்டக் குடும்பத்தினர். தண்ணீர் போகும் வழியைக் கவனிப்பது இந்த மலையில் விளையாட்டுக் காரியம் அன்று.

ஐப்பசி, கார்த்திகையில் களை பறிப்பு. உட்கார்ந்து கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். வெற்றிடங்களில் புதுப்புல் ஒட்டுவார்கள். பனிக்கு முன்பாகத் தழைச்சத்து உரத்தைக் குறைத்து, சாம்பல்சத்தைக் கூட்டுவது முறை. தழைச்சத்து மிகுந்தால் இளந்தளிர் பொங்கும். இளந்தளிரைத்தான் பனி முதலில் கொல்லும்.

மார்கழி, தையில் குளிர் உச்சத்தை அடைகிறது. மேகமில்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தங்கும். கோல்ப் மைதானத்துக்குச் சமதரை தேவை. மலைநாட்டில் சமதரை பெரும்பாலும் பள்ளத்தாக்கின் அடியில்தான் கிடைக்கிறது. எனவே மேட்டில் இருக்கும் தேயிலை தப்பித்தாலும் அடிவாரத்துப் புல்லுக்குத் தப்பில்லை. 2019 ஜனவரியில் மூணாறில் பல நாட்கள் விடாமல் உறைபனி பெய்து தேயிலைச் செடிகளே கருகிப் போயின.

மாசி, பங்குனியில் வறட்சி. காடு காய்ந்ததும் பசும்புல்லின் வாசனை வனவிலங்குகளை இழுக்கிறது. இந்த மலைகளில் யானையும் காட்டெருமையும் மனிதருக்கு அயலார் அல்ல. நனைத்த புல்தரையில் யானை நடந்தால் ஒவ்வொரு அடியும் ஒரு குழி. அதை மேலிருந்து அடித்துச் சமன் செய்தால் மண் இறுகிவிடும். புல்லை மண்ணோடு சேர்த்துப் பாளமாக வெட்டித் தூக்கி, அடியில் மண் நிரப்பி, மீண்டும் அதையே பதிக்க வேண்டும். காட்டுப்பன்றியோ மண்ணுக்குள் இருக்கும் புழுவுக்காக மூக்கால் உழுதுவிடும். புழுவை ஒழித்தால்தான் பன்றியின் தொல்லை தீரும்.

பிள்ளையார் புல்லின் பெருமை

மலையிறங்கிப் பாலக்காட்டுப் பக்கம் வந்தால் இந்தப் பஞ்சாங்கம் அப்படியே தலைகீழாகிறது. அங்கே பனி இல்லை. கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றும் கோடை வெயிலும்தான் எதிரிகள். பள்ளி, கல்லூரித் திடல்களைப் பேணுகிறவர்கள் அங்கே தண்ணீருக்காகத்தான் கவலைப்பட வேண்டும். அந்த வெப்பத்துக்கு ஏற்ற புல் எது தெரியுமா? நாம் பிள்ளையாருக்குச் சார்த்தும் அருகம்புல்!

ஆங்கிலத்தில் இதற்குப் 'பெர்முடா புல்' என்று பெயர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிப்டன் என்ற ஊரில் விஞ்ஞானிகள் இதை ஆப்பிரிக்க அருகு இனத்தோடு கலந்து புது ரகங்களை உண்டாக்கினார்கள். 1965-இல் வெளிவந்த 'டிப்ட்வார்ப்' என்ற குட்டை ரகம் உலகமெங்கும் வெப்பநாட்டுக் கிரீன்களில் பரவியது. ஆனால் அருகுக்குக் குளிர் ஆகாது. குளிரில் பழுத்து உறங்கிவிடும். மலைநாட்டுக்குக் குளிர் தாங்கும் வேறு புல் வேண்டும். கென்யாவின் உயர்நிலங்களிலிருந்து வந்த கிக்குயு புல் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பரவிக் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

பெயர் பெற்ற புல்காரர்

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊர் கோல்ப் ஆட்டத்தின் தாய்வீடு. அங்கே 1865 முதல் 1903 வரை மைதானத்தைப் பேணியவர் டாம் மாரிஸ். பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்தை நான்கு முறை வென்ற ஆட்டக்காரர் அவர். ஒருநாள் தள்ளுவண்டியிலிருந்து மணல் தவறிப் புல்லில் கொட்டிவிட, அந்த இடத்தில் புல் செழித்ததைக் கண்டே மணல் தூவும் முறையை அவர் கைக்கொண்டார் என்று சொல்வார்கள். அந்த மைதானத்தின் பதினெட்டாவது குழி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. கொல்கத்தாவில் உள்ள ராயல் கல்கத்தா கோல்ப் கிளப் 1829-இல் தோன்றியது. அங்கே புல்தரையைப் பேணிய ஒரு தொழிலாளியின் மகன் சிவசங்கர் பிரசாத் சௌராசியா. அந்த மைதானத்தில்தான் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தே கற்றார். 2008-இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் பந்தயத்தை வென்றார். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓபன் பட்டம் அவருக்கே. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

மூணாறு கிளப்பிலும் ஒரு பழைய வழக்கம் உண்டு. முப்பது ஆண்டுகள் இந்த மலையில் பணியாற்றிய தோட்ட அதிகாரிகளின் தொப்பிகளை அங்கே சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகான வழக்கம்தான். முப்பது ஆண்டுகள் புல்லைப் பேணியவரின் சுரண்டியையும் அந்தச் சுவரில் மாட்டினால் இன்னும் அழகாக இருக்கும்!

கைத்தொழில் யாருடையது?

தோட்டத் தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது. ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தை விட்டுப் பெட்டி படுக்கையோடு இறங்கும்போது ஒரு குடும்பம் என்னத்தைக் கொண்டு போகும்? நிலம் இல்லை, வீடு இல்லை. கையில் உள்ள தொழில் ஒன்றை மட்டும் யாரும் கேட்டு வாங்க முடியாது.

அந்தத் தொழிலுக்கு வெளியே விலை இருக்கிறது. 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் கொச்சியில் நடந்தபோது, திடல்களின் புல்தரைக்கு எவ்வளவு கவனம் செலுத்தப்பட்டது என்பதைக் கேரளமே கண்டது. கிரிக்கெட் திடல், கால்பந்துத் திடல், ஓட்டல் தோட்டம், பூங்கா என்று எங்கும் புல்லின் குணம் அறிந்த ஆள் தேவை. ஆனால் 'கூலிவேலை செய்தேன்' என்று சொல்கிறவருக்குக் கூலிதான் கிடைக்கும். 'மணல் தூவவும், பூஞ்சைநோய் கண்டறியவும், வடிகால் அமைக்கவும் தெரியும்' என்று எழுதிக் காட்டுகிறவருக்கு மேஸ்திரி வேலை கிடைக்கக்கூடும். ஓய்வு பெறும்போது என்ன வேலை செய்தோம் என்பதை விவரமாக எழுதிய சான்றிதழ் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொள்வது நல்லது. வீட்டில் படித்த பிள்ளைகளும், ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் உறவினரும் இந்த உதவியைச் செய்யலாம்.

கடைசியாக, உறைபனியைப் பார்க்க மார்கழியில் மூணாறுக்குக் கிளம்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெண்பனி படர்ந்த புல்லைக் கண்டால் படம் எடுக்க உள்ளே ஓடாதீர்கள். ஓரத்தில் கம்பளி சுற்றி நிற்பவரிடம் கேளுங்கள். எப்போது கால் வைக்கலாம் என்று அவர் சொல்வார்.