எப்படி இயங்குகிறது? தூங்கி எழுந்த கணினிக்கு விசில் கேட்பது

இரவு மடிக்கணினியை மூடிவைக்கிறீர்கள். காலையில் திறந்தால் திரை வருகிறது, நேற்று படித்த பக்கம் அப்படியே இருக்கிறது. டச்பேட் மட்டும் அசைய மறுக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். டச்பேட் கெட்டுப்போகவில்லை, அது கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கூப்பிடுவது பிராசஸர் காதில் விழவில்லை, அவ்வளவுதான். இப்படி நேர்வதற்கான பல காரணங்களில் முக்கியமான ஒன்றை ஒரு மெஸ்ஸின் அடுக்களையில் நின்று பார்த்தால் நன்றாகப் புரியும்.

விசிலும் சிலேட்டும்

மாஸ்டர் ஒருவர், அடுப்புகளோ பல. ஒவ்வொரு குக்கர் முன்னாலும் காத்து நின்றால் காய் நறுக்க நேரமிருக்காது. அதனால் அவர் தன் வேலையைப் பார்க்கிறார்; தேவைப்படும்போது உதவியாளர் குரல் கொடுக்கிறார். குரல் கேட்டதும் மாஸ்டர் கத்தியை வைத்துவிட்டுப் போய்க் கவனித்துத் திரும்புகிறார். மாஸ்டர்தான் பிராசஸர், குரல்தான் இன்டரப்ட்.

எதற்குக் குரல் கொடுப்பது என்று உதவியாளர் முன்னே ஒரு சிலேட்டில் எழுதியிருக்கும். வன்பொருளில் அந்த சிலேட்டுக்குப் பெயர் ரெஜிஸ்டர். உதவியாளருக்கு எடுத்துக்காட்டாக, ஆர்ம் நிறுவனம் வடிவமைத்த பிஎல்061 என்ற ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு உள்ளீடு-வெளியீடு) கட்டுப்படுத்தியை எடுத்துக்கொள்வோம். சின்னது, படிக்க எளிது. மொத்தம் 8 கம்பிகள். ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் கம்பிக்கு ஒரு பிட். இன்டரப்ட் அமைப்பை நான்கு ரெஜிஸ்டர்கள் சொல்கின்றன:

1. ஐஎஸ்: எட்ஜா, லெவலா? குக்கர் விசில் எட்ஜ். அடித்த கணத்தில் பிடிக்காவிட்டால் போயிற்று. தொட்டி நிரம்பி வழிவது லெவல். குழாயை மூடும்வரை குரல் ஓயாது.
2. ஐபிஈ: ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் குரல் கொடுப்பதா?
3. ஐஈவி: ஒன்றுக்குத்தான் என்றால் எதற்கு? தொட்டி நிரம்பும்போதா, காலியாகும்போதா?
4. ஐஈ: இந்தக் கம்பிக்குக் குரல் கொடுக்கலாமா, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

இரவில் சிலேட் அழிகிறது

சஸ்பெண்ட்-டு-ரேம் என்ற தூக்கத்தில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் விட்டுவைத்து, மற்ற பல பகுதிகளுக்கு நிறுத்திவிடுவார்கள். அடுக்களையில் ரேம் என்ற நோட்டுப் புத்தகம் பத்திரமாக இருக்கிறது, சிலேட் கழுவப்பட்டுவிட்டது. மின்சாரம் திரும்பும்போது பிஎல்061-இன் இந்த நான்கு ரெஜிஸ்டர்களும் பூஜ்யத்தில் எழுகின்றன. ஐஈ பூஜ்யம் என்றால் எட்டுக் கம்பிகளும் ஊமை.

சிக்கலின் ஆணிவேர் இதற்கடுத்து வருகிறது. எந்த இன்டரப்ட் திறந்திருக்கிறது என்ற கணக்கை இயங்குதளத்தின் மையமான கெர்னலும் ரேமில் வைத்திருக்கிறது. தூங்கப் போகும்போது அது இன்டரப்டைத் தன் கணக்கில் மட்டும் நிறுத்திவைக்கும். பெரும்பாலும் வன்பொருளைத் தொடாது. எழுந்ததும் கணக்கைப் பார்க்கிறது: வன்பொருளில் இதை மூடவே இல்லையே, திறந்துதானே இருக்கிறது! அதனால் எதையும் எழுதாமல் விட்டுவிடுகிறது. நோட்டில் ஒன்று, சிலேட்டில் வேறொன்று. கெர்னல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது, ஏனென்றால் அதன் பார்வையில் பிழையே இல்லை. டிரைவரை இறக்கி ஏற்றினாலோ ரீஸ்டார்ட் செய்தாலோ எல்லாம் புதிதாக எழுதப்படுவதால் கோளாறு மறைந்துவிடுகிறது.

குறித்துவைத்துத் திரும்ப எழுதுவது

இதற்கு மருந்து டிரைவர் கையில் இருக்கிறது. லினக்ஸின் பிஎல்061 டிரைவர், சஸ்பெண்ட் அழைப்பு வந்ததும் இந்த நான்கையும், கம்பிகளின் திசையையும், வெளியீட்டுக் கம்பிகளின் மதிப்பையும் படித்து ரேமில் வைத்துக்கொள்கிறது. ரெஸ்யூம் அழைப்பில் திரும்ப எழுதுகிறது. அந்த வரிசையை உன்னிப்பாகப் பாருங்கள்: முதலில் திசை, பிறகு ஐஎஸ், ஐபிஈ, ஐஈவி, எல்லாம் முடிந்த பின் கடைசியாகத்தான் ஐஈ.

இந்த வரிசையில்தான் டிரைவர் எழுதியவரின் கவனம் தெரிகிறது. ஐஈ முதலில் போனால், விசிலா தொட்டியா என்று தெரியாமலேயே உதவியாளர் கத்தத் தொடங்குவார். இல்லாத இன்டரப்டுக்கு மாஸ்டர் ஓடுவார். எதற்குக் கத்துவது என்பதை எழுதி முடித்த பிறகே வாயைத் திறக்க விட வேண்டும்.

எதைக் குறிக்கக் கூடாது என்பதும் முக்கியம். எந்தக் கம்பியில் இன்டரப்ட் வந்து நிற்கிறது என்று காட்டும் நிலை ரெஜிஸ்டரை அந்த டிரைவர் சேமிப்பதில்லை. அது அமைப்பு அல்ல, நிகழ்வு. நேற்று அடித்த விசிலை நோட்டில் எழுதிவைத்து இன்று மறுபடி ஊதுவதில் பயனில்லை.

யார் முதலில் தூங்குவது?

டச்பேட் டிரைவர் முதலில் தூங்க வேண்டும், அது நம்பியிருக்கும் ஜிபிஐஓ பிறகு. எழும்போது தலைகீழ்: சிலேட் முதலில் தயாராக வேண்டும், அடுப்பு பிறகு பற்றலாம். கெர்னல் சாதனங்களைப் பதிவான வரிசைக்கு எதிர்வரிசையில் தூங்கவைத்து இதைக் காக்கிறது. சாதன இன்டரப்டுகளை நிறுத்திய பின் வரும் 'நோ-ஐஆர்க்யூ' என்ற தனிக் கட்டமும் உண்டு. எல்லோருக்கும் முன்பே விழித்தாக வேண்டிய கட்டுப்படுத்திகளுக்கு அது கைகொடுக்கும். பவர் பட்டன் போல, தூக்கத்திலும் கேட்க வேண்டிய கம்பியை 'எனேபிள் ஐஆர்க்யூ வேக்' அழைப்பின் மூலம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?

பல டிரைவர்களில் ரெஜிஸ்டர்களைச் சேமிக்காத குறை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருப்பதற்குக் காரணம் சோதனை முறைதான். கெர்னலின் 'பிஎம் டெஸ்ட்' வசதியில் 'டிவைசஸ்' அளவோடு நிறுத்தினால் சஸ்பெண்டும் ரெஸ்யூமும் ஓடும், ஆனால் மின்சாரம் நிற்பதில்லை. சிலேட் அழியாததால், சேமிக்கவே செய்யாத டிரைவரும் தேறிவிடும். எஸ்2ஐடில் என்ற லேசான தூக்கத்திலும் பல சிப்புகள் தம் ரெஜிஸ்டர்களை இழப்பதில்லை. ஆகவே மின்சாரம் உண்மையிலேயே நிற்கும் போர்டில் தூங்கவைத்து எழுப்புங்கள். ப்ராக் அடைவிலுள்ள 'இன்டரப்ட்ஸ்' கோப்பைத் திறந்து, டச்பேடைத் தொட்டுப் பாருங்கள். தொடத் தொட அந்த வரியின் எண்ணிக்கை ஏற வேண்டும். ஏறாவிட்டால், அந்தக் கம்பியின் ஐஈ பிட்டைத் திரும்ப எழுதியது யார் என்ற கேள்வியிலிருந்து தேடலைத் தொடங்குங்கள். பூட் ஆனதும் ஓடுகிறது என்பது டிரைவருக்குப் பாதித் தேர்ச்சிதான். தூங்கி எழுந்தும் ஓடினால்தான் முழுத் தேர்ச்சி.